உயிரணுவைக் காட்டும் ஒளியும் அதைச் சொல்லும் தமிழும்



இன்றைய தலைப்பைக் கண்டதும், மொழியியல் பயின்ற ஒருவருக்கு உயிரணுவிடமும் நுண்துகளிடமும் என்ன வேலை என்ற வினா எழுவது இயல்பே. ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியைக் கையாள்வது நம் தொழிலன்று. அங்கே காணப்படுவதைத் தமிழில் எந்தச் சொல்லால் சொல்வது என்று ஆராய்வது நம் தொழில். கலைச்சொல்லாக்கம் பற்றிய கூட்டங்களில் நாம் பல்லாண்டுகளாகக் கேட்டுவரும் விவாதம் பெரும்பாலும் ‘இது தமிழ்ச்சொல்லா, கடன்சொல்லா?’ என்பதோடு நின்றுவிடுகிறது. அதற்கு முன் கேட்க வேண்டிய வினா வேறு: ‘இச்சொல் இரு வேறு நிகழ்வுகளை ஒன்றாகக் காட்டிவிடுகிறதா?’ ஒளியையும் நுண்துகள்களையும் கொண்டு உயிரணுக்களையும் திசுக்களையும் ஆராயும் துறை, இவ்வினாவின் தேவையை மிகத் தெளிவாக உணர்த்துகிறது. ஆகவேதான் அத்துறையை இன்றைய உரைக்குப் பொருளாகக் கொண்டோம்.

1. பெயர்கள் பல இருப்பதில் தீங்கில்லை

1665 இல் இலண்டனில் வெளிவந்த ‘மைக்ரோகிராபியா’ என்னும் நூலில், இராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலொன்றை நுண்ணோக்கியில் வைத்துக் கண்டதை வரைந்து காட்டினார். தேன்கூட்டைப் போன்ற வெற்றறைகள் அதில் நிறைந்திருந்தன. சிற்றறை என்னும் பொருளுடைய ‘செல்’ என்ற சொல்லால் அவற்றைக் குறித்தார். உண்மையில் அவர் கண்டவை இறந்துபோன உயிரணுக்களின் சுவர்களே. உள்ளே உயிர் இல்லாதபோது இட்ட பெயர், உயிருள்ளவற்றுக்கும் நிலைத்துவிட்டது.

தமிழில் அதனை உயிரணு என்கிறோம். தமிழகப் பாடநூல்களில் செல் என்பதும் வழங்குகிறது. இலங்கைத் தமிழர் கலம் என்பர். கண்ணறை என எழுதுவோரும் உளர். திசு என்று நாம் கடனாகப் பெற்ற சொல்லை இலங்கையில் இழையம் என்பர். ‘திசு’ பிரெஞ்சு மொழியில் நெய்யப்பட்டது என்னும் பொருளில் பிறந்த சொல். இழையம் என்பதும் இழையிலிருந்தே வருகிறது. இவ்வாறு ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் இருப்பதால் மாணவர்க்குச் சிறிது சுமை கூடலாம், அறிவு குழம்புவதில்லை. பல பொருளுக்கு ஒரே பெயர் அமையும்போதுதான் அறிவு குழம்புகிறது.

அளவுகளையும் இங்கே மனத்தில் கொள்வோம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 7,000 முதல் 8,000. மரபுத்தகவலைத் தாங்கும் டிஎன்ஏ இழையின் அகலம் ஏறத்தாழ 2. இந்த ஏணியின் கீழ்ப்படிகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியால் பிரித்துக் காண இயலாது. நுண்ணோக்கியால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய தொலைவு ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி என 1873 இல் எர்ன்ஸ்ட் அபே கணித்துக் காட்டினார். கண்ணுக்குப் புலனாகும் ஒளிக்கு அது ஏறத்தாழ 200 நானோமீட்டர். அதற்கும் நெருக்கமாக இரு புள்ளிகள் இருந்தால் அவை ஒரே புள்ளியாகத் தோன்றும். சொல்லுக்கும் இத்தகைய எல்லை உண்டு என்பதை இவ்வுரையின் போக்கில் காண்போம்.

2. ஒளி பட்டால் நிகழ்வன

இருட்டறையில் கைவிளக்கை விரல் நுனியில் ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். விரல் செக்கச் சிவந்து தெரியும். வெள்ளொளியில் எல்லா நிறங்களும் இருக்க, சிவப்பு மட்டும் வெளிவருவது ஏன்? குருதியிலுள்ள ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் மிகுதியாக உட்கவர்கிறது. சிவப்பை அந்த அளவு உட்கவர்வதில்லை. சரி, ஒளி விரலைக் கடந்து வருகிறதே, எலும்பின் நிழல் ஏன் தெளிவாகத் தெரியவில்லை? திசுவுக்குள் ஒளி நேர்கோட்டில் செல்லாமல் திசைமாறித் திசைமாறிச் சிதறுவதால் வடிவம் கலங்கிவிடுகிறது. நிறத்தை மாற்றியது உட்கவர்தல். வடிவத்தைக் கெடுத்தது சிதறல். ஒரே விரலில் இரு வேறு நிகழ்வுகள்.

மூன்றாவது நிகழ்வு, ஒளியை உட்கவர்ந்து, பின் வேறு நிறத்தில் உமிழ்தல். 1852 இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் இதற்கு ஆங்கிலத்தில் இட்ட பெயர், புளோர்ஸ்பார் என்னும் கனிமத்திலிருந்து எடுக்கப்பட்டது. அக்கனிமத்தை அறியாதவர்க்கு அப்பெயர் எதையும் விளக்காது. தமிழில் உடனொளிர்வு என வழங்கும் சொல்லோ, படும் ஒளியோடு உடனிகழ்வது, அது நின்றால் தானும் நிற்பது என்ற பொருளைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. ஒளி நின்ற பின்னும் நீடிப்பதை நின்றொளிர்தல் என்று தமிழகப் பாடநூல்கள் வேறுபடுத்துகின்றன. இவை நல்ல சொற்கள். ஆனால் நாளிதழ்களிலும் மேடைகளிலும் நாம் காண்பது என்ன? உட்கவர்வதும், சிதறடிப்பதும், உமிழ்வதும் எல்லாமே ‘ஒளிரும்’ என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன.

3. ஒரே உயிரில் இரு ஒளிகள்

இவ்வாறு அடக்குவதால் எதை இழக்கிறோம் என்பதற்கு ஒரு கடலுயிர் சான்று. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் ஒருவகை ஜெல்லிமீனை ஒசாமு சிமோமுரா ஆராய்ந்தார். அதனிடமிருந்து இரு புரதங்கள் கிடைத்ததை 1962 இல் அவரும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்டனர். முதற்புரதம் கால்சியத்தோடு வினைபுரிந்து, வெளியொளி எதுவும் இல்லாமலே நீல ஒளியைத் தருகிறது. இரண்டாம் புரதம் தானாக ஒளி தருவதில்லை. நீல ஒளியை உட்கவர்ந்து பச்சை ஒளியை உமிழ்கிறது. முன்னது உயிரொளிர்வு, பின்னது உடனொளிர்வு.

உயிரியலை மாற்றியது இந்தப் பச்சைப் புரதம். 1994 இல் மார்ட்டின் சால்பியின் குழு, அதன் மரபணுவை ஒரு பாக்டீரியாவிலும் நுண்புழுவொன்றிலும் செலுத்தி, அவ்வுயிர்களின் உள்ளேயே பச்சை உடனொளிர்வைக் காட்டியது. ரோஜர் சியென் இப்புரதம் ஒளிரும் முறையை விளக்கி, வேறு நிறங்களையும் உருவாக்கினார். அதுவரை உயிரணுவைக் கொன்று, சாயமிட்டே பார்த்துவந்த பலவற்றை, உயிரோடு இயங்கும் நிலையிலேயே காண வழி பிறந்தது. சிமோமுரா, சால்பி, சியென் மூவருக்கும் 2008 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அபே வகுத்த எல்லையும் உடனொளிர்வால்தான் கடக்கப்பட்டது. இரவில் தொலைவிலிருந்து ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பார்ப்பதாகக் கொள்வோம். எல்லா வீட்டு விளக்குகளும் ஒருசேர எரிந்தால் ஒரே ஒளித்திரளாகத் தெரியும். வீட்டுக்கு வீடு மாறி மாறி, ஒரு நேரத்தில் ஒரு விளக்கு மட்டும் எரிந்தால், ஒவ்வொன்றின் இடத்தையும் தாளில் குறித்துக்கொண்டே வரலாம். இறுதியில் எல்லா வீடுகளும் தனித்தனியே தாளில் அமைந்துவிடும். எரிக் பெட்சிக் உயிரணுவின் மூலக்கூறுகளை ஏறத்தாழ இவ்வாறே சிறிது சிறிதாக ஒளிரச்செய்து 2006 இல் படமெடுத்தார். ஸ்டெஃபான் ஹெல், ஒரு கதிரால் ஒளிரச்செய்து, வளையம் போன்ற மற்றொரு கதிரால் சுற்றியுள்ளவற்றை அணைத்து, நடுப்புள்ளியை மட்டும் எஞ்சவிட்டார். தனி மூலக்கூறுகளின் ஒளியைக் காணும் வழியைத் திறந்த வில்லியம் மோர்னரோடு இவ்விருவரும் 2014 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

‘அணைத்தல்’ என்ற வினை இங்கே இன்றியமையாதது. உடனொளிர்வதை அணைக்க இயலும். சிதறலை அவ்வாறு அணைக்க இயலாது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்த மாணவர்க்கு, இந்த உத்தி ஏன் ஒன்றில் பலித்தது என்பது புரியாமலே போகும்.

4. பொன்துகளும் குவாண்டம் புள்ளியும்

இனி நுண்துகள்களுக்கு வருவோம். ‘நானோ’ என்பது குள்ளன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த முன்னொட்டு. 1960 இல் அனைத்துலக அலகுமுறையில் இடம்பெற்றது. இதனைக் கடனாகக் கொள்வதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகைச் சொற்களுக்கும் இடந்தந்த தொல்காப்பியம், பிறமொழிச் சொல் வந்தால் அது தமிழ் எழுத்துக்கு இயைந்து வரவேண்டும் என்றே வரையறுத்தது. நானோ அவ்வாறு இயைந்தே நிற்கிறது.

ஆனால் நானோ துகள் என்ற ஒரே பெயரின்கீழ், ஒளியோடு முற்றிலும் வேறுவகையில் உறவாடும் துகள்கள் உள்ளன. இரண்டை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது பொன்துகள். நகைக்கடையில் மஞ்சளாக மின்னும் பொன், 20 நானோமீட்டர் அளவிலான துகள்களாக நீரில் மிதக்கும்போது செந்நிறம் காட்டும். 1857 இல் மைக்கேல் பாரடே இத்தகைய செந்நிறப் பொன்நீர்மத்தை ஆராய்ந்து, அந்நிறம் மிக நுண்ணிய பொன்துகள்களால் விளைகிறது என்றார். பொன்னிலுள்ள எலக்ட்ரான்கள் ஒளியின் அலைவோடு இயைந்து ஊசலாடுவதால், பச்சை ஒளி மிகுதியாக உட்கவரப்படுகிறது, சிவப்பு எஞ்சுகிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள நான்காம் நூற்றாண்டு உரோமானியக் கண்ணாடிக் கிண்ணமொன்று, முன்னிருந்து ஒளி பட்டால் பச்சையாகவும், உள்ளிருந்து ஒளி வந்தால் சிவப்பாகவும் தெரிவது, கண்ணாடியில் கலந்த பொன், வெள்ளி நுண்துகள்களால்தான்.

பெருந்தொற்றுக் காலத்தில் நம் வீடுகளில் மூக்குச்சளியைச் சொட்டுவிட்டுப் பார்த்த சோதனைப்பட்டைகளை நினைவுகூருங்கள். அவற்றுள் பலவற்றில் தோன்றிய செங்கோடு பொன்துகள்களின் திரட்சியே. துகள்களின்மேல் எதிர்ப்பொருள்கள் பூசப்பட்டிருக்கும். அவை நச்சுயிரியின் புரதத்தைப் பற்றிக்கொண்டு, பட்டையின் குறித்த இடத்தில் சிக்கிக் குவியும். தனித்தனியே கண்ணுக்குத் தெரியாதவை, குவிந்தபோது கோடாகத் தெரிந்தன.

இரண்டாவது குவாண்டம் புள்ளி. இது குறைக்கடத்தியால் ஆன படிகத்துகள். காட்மியம் செலினைடு என்ற ஒரே பொருளால் செய்தாலும், ஏறத்தாழ 2 நானோமீட்டர் அளவுடையது நீல ஒளியையும், 6 நானோமீட்டர் அளவுடையது சிவப்பு ஒளியையும் உமிழும். பொருள் மாறாமல் அளவு மட்டும் மாற, நிறம் மாறுகிறது. இதனைக் கண்டறிந்து உருவாக்கிய அலெக்சி எக்கிமோவ், லூயிஸ் புரூஸ், மௌங்கி பவெண்டி ஆகியோர் 2023 இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். உயிரணுவின் உறுப்புகளுக்கு இப்புள்ளிகளை அடையாளமாக இடலாம் என்று 1998 இலேயே இரு ஆய்வுக்குழுக்கள் காட்டியிருந்தன.

குவாண்டம் புள்ளி ஒளிர்கிறது. பொன்துகள் பச்சையை உட்கவர்ந்து நிறம் காட்டுகிறது. ஒளியைச் சிதறடிக்கவும் செய்கிறது. இருளில் நீல விளக்கைப் பாய்ச்சினால் முன்னது வேறு நிறத்தில் பதில் தரும். சோதனைப்பட்டையின் செங்கோடு அவ்வாறு தராது. இரண்டையும் ‘ஒளிரும் நானோ துகள்கள்’ என்று எழுதும் கட்டுரை, படிப்போர்க்கு ஒரு பொய்யைக் கற்பித்துவிடுகிறது.

இங்கே இலக்கண நுட்பம் ஒன்றும் உண்டு. ‘ஒளி சிதறுகிறது’ என்றால் எழுவாய் ஒளி. ‘துகள் ஒளியைச் சிதறடிக்கிறது’ என்றால் எழுவாய் துகள். இவ்வேறுபாட்டைக் கருதாமல் ‘நுண்துகள் சிதறல்’ என்று தொகைச்சொல் ஆக்கினால், துகள்கள் சிந்திப் பரவின என்றே தமிழர் பொருள்கொள்வர். ‘துகளால் ஒளி சிதறல்’ என்று வேற்றுமையுருபை வெளிப்படக் காட்டினால் குழப்பம் தீரும். சுருக்கத்துக்காக உருபைத் தொகுப்பது இலக்கியத்துக்கு அழகாகலாம். அறிவியல் உரைநடையில் அது எப்போதும் பொருந்தாது.

இத்துகள்கள் உடலுக்குள் சென்றால் எங்கே தங்கும் என்பதும் ஆய்வாளர் கேட்கும் வினா. குருதியில் செலுத்தப்படுபவற்றுள் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் சென்று சேர்வதுண்டு; காட்மியம் நச்சுத்தன்மை உடையது. ஆதலால், ஆய்வுக்கூடத்து உயிரணுவில் வெற்றி கண்டவை யாவும் நோயாளிக்கு உடனே உதவும் என எண்ணலாகாது.

5. ஒரு சொல்லை ஐயுற்றதால் கிடைத்த கண்டுபிடிப்பு

சொல்லை வேறுபடுத்துவது மொழியாசிரியரின் மிகைநுட்பம் மட்டுமே என்று கருதுவோர்க்கு, கொல்கத்தாவில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துரைக்க விரும்புகிறோம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன், நீர்மங்களில் ஒளி சிதறுவதை அங்கே தம் மாணவர்களோடு ஆராய்ந்துவந்தார். 1923 இல் அவருடைய மாணவர் கே. ஆர். இராமநாதன், சிதறிய ஒளியில் நிறம் மாறிய மெல்லிய கூறொன்றைக் கண்டார். அழுக்கினால் விளைந்த மங்கலான உடனொளிர்வு என்று அதற்குப் பெயரிடப்பட்டது. நீர்மத்தை மீண்டும் மீண்டும் தூய்மையாக்கியும் அது மறையவில்லை. பெயர் இடப்பட்டுவிட்டதால் விளக்கமும் கிடைத்துவிட்டதாகக் கருதிவிடலாம் அல்லவா? இராமன் அவ்வாறு விட்டுவிடவில்லை. 1928 இல் கே. எஸ். கிருஷ்ணன் அவ்வொளியை நுணுகி ஆராய்ந்தபோது, அது வலுவாக ஒரு தளத்தில் முனைவாக்கம் பெற்றிருந்தது. சாதாரண உடனொளிர்வில் அதனை எதிர்பார்க்க முடியாது. ஆகவே அது உடனொளிர்வு அன்று, புதுவகைச் சிதறல் என்ற முடிவு பிறந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 28 ஆம் நாளை இந்தியா இன்றும் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறது. 1930 இல் இராமனுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

அன்று நீர்மத்தில் கண்ட அவ்விளைவு இன்று திசுக்களை ஆராயும் கருவியாகிவிட்டது. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய அதிர்வுக்கேற்ப ஒளியின் நிறத்தை மாற்றுவதால், சாயம் எதுவும் இடாமலே கொழுப்பு, புரதம் முதலியவற்றைப் பிரித்தறியலாம். குறை ஒன்றே: அவ்வொளி மிக மிக மங்கலானது. 1974 இல் இங்கிலாந்தின் சவுதாம்டனில், சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்முனையின்மேல் இருந்த மூலக்கூறுகள் எதிர்பாராத வலிமையுடன் இராமன் ஒளியைத் தருவது காணப்பட்டது. உலோகத்தின் நுண்ணிய பரப்பு அவ்விளைவைப் பெருக்குவது பின்னர்த் தெளிவாயிற்று. பொன், வெள்ளி நுண்துகள்களை உயிரணுவில் இட்டு இராமன் விளைவைப் பெருக்கிக் காணும் ஆய்வுகள் அதன் வழிவந்தவை.

6. சொல்லும் உடலும்

இதுவரை சொன்னவை வகுப்பறைக்கு உரியவை. மருத்துவமனையில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. நாம் அறிந்த குடும்பமொன்றில், எழுபது கடந்த மூதாட்டி ஒருவரின் விழித்திரையை ஒளியால் படமெடுக்க ஏற்பாடாயிற்று. 1991 இல் அமெரிக்காவில் அறிமுகமான அம்முறை, கண்ணுக்குள் மெல்லிய ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு விழித்திரையின் அடுக்குகளைக் காட்டுகிறது. ‘கண்ணுக்குள் கதிர் விட்டுப் பார்ப்பார்கள்’ என்று வீட்டார் விளக்கினர். அவர் மறுத்துவிட்டார். அவருடைய கணவர் புற்றுநோய்க்குப் பெற்ற சிகிச்சையும் அவ்வீட்டில் ‘கதிர்’ என்றே வழங்கப்பட்டிருந்தது. ஒளிக்கதிர், ஊடுகதிர், கதிரியக்கம் என்ற வேறுபாடு அச்சொல்லில் கரைந்துபோயிருந்தது. அவர் அஞ்சியதில் பிழையில்லை. அவருக்குக் கிடைத்த சொல்லில்தான் பிழை.

மற்றொரு சான்று, விரலில் மாட்டும் உயிர்வளிமானி. 1970களில் ஜப்பானில் தகுவோ அவோயாகி வகுத்த கொள்கையில் அது இயங்குகிறது. ஏறத்தாழ 660 நானோமீட்டர் சிவப்பொளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பையும் விரலுக்குள் செலுத்தி, உயிர்வளி ஏற்ற குருதியும் ஏற்காத குருதியும் அவற்றை எவ்வெவ்வளவு உட்கவர்கின்றன என்று ஒப்பிடுகிறது. தோலின் கருநிறமியும் ஒளியை உட்கவரும். அமெரிக்காவில் 2020 இல் வெளியான ஆய்வொன்று, குருதியில் உயிர்வளி குறைந்திருந்தும் கருவி அதனைக் காட்டத் தவறியது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதி எனக் கண்டது. கருந்தோல் உடைய நம்மவர்க்கும் இது தொலைவான செய்தியன்று. ‘கருவி ஒளியைப் பாய்ச்சி அளக்கிறது’ என்று மட்டும் அறிந்தவர் எண்ணை அப்படியே நம்புவார். ‘உட்கவரப்பட்ட ஒளியை அளக்கிறது’ என்று அறிந்தவர்க்கு, ‘என் தோலும் உட்கவருமே, அதனைக் கணக்கிட்டார்களா?’ என்ற வினா தானே எழும். சரியான வினைச்சொல் சரியான வினாவைப் பிறப்பிக்கிறது.

7. நாம் செய்யத்தக்கது

மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் அறிவியல் தமிழில் கற்பிக்கப்படுகிறது. சிங்கப்பூரில் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. இரு சூழலுக்கும் பொருந்தும் நெறியொன்றை முன்வைக்கிறோம்: பெயரைக் கடன் வாங்கலாம், வினையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நானோ, குவாண்டம், ஹீமோகுளோபின் ஆகியன பெயர்கள், வந்து தங்கட்டும். உட்கவர், உமிழ், சிதறு, சிதறடி, ஒளிர், அணை என்பன தமிழின் வினைகள். தமிழ் பிறமொழிச் சொற்களைப் பெரும்பாலும் பெயராகவே ஏற்று, தன் வினையோடு இணைத்துக்கொள்ளும் மொழி. நிகழ்வை விளக்கும் பொறுப்பு வினையினுடையது. அதனை நாம் சோம்பலால் ‘ஒளிரும்’ என்ற ஒன்றிடம் மட்டும் ஒப்படைத்துவிடலாகாது.

ஆசிரியர்கள் இதனை எளிதில் தொடங்கலாம். ஒளி தொடர்பான செய்தியொன்றை நாளிதழிலிருந்து வெட்டி வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். அதிலுள்ள ஒவ்வொரு ‘ஒளிரும்’ என்பதையும் மாணவர் வட்டமிடட்டும். அங்கே ஒளி உட்கவரப்படுகிறதா, சிதறுகிறதா, உமிழப்படுகிறதா என்று கேளுங்கள். விடை தெரியாவிடில் அறிவியல் ஆசிரியரிடம் அனுப்புங்கள். தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் ஒரே மேசையில் அமர அதுவே காரணமாகட்டும். மாணவர்களே, நீங்கள் ஆங்கிலத்தில் கற்றதை வீட்டிலுள்ள பாட்டிக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அவர் திரும்பக் கேட்கும் வினாவிலிருந்து, நீங்கள் எதைப் புரிந்துகொள்ளவில்லை என்பது தெரியவரும்.

நெருங்கிய இரு புள்ளிகளைப் பிரித்துக் காண அறிவியலார் நூறாண்டுக்கு மேல் முயன்றார்கள். நெருங்கிய இரு பொருள்களைப் பிரித்துச் சொல்ல நமக்கு வேண்டியது ஒரு கணத் தயக்கமும் ஓர் அகராதியும்தாம்.